டே கேர்ல, பால்வாடியில குழந்தை சாப்பிடுறதை எதெல்லாம் மாத்துது: வீட்டுக்கும் டீச்சருக்கும் சேர்த்து ஒரு முழு வழிகாட்டி

சாயங்காலம் எந்த டே கேர் வாசல்ல போய் நின்னாலும் முதல்ல காதுல விழற கேள்வி "சாப்பிட்டானா மிஸ்?" தான். அடுத்த நிமிஷமே டப்பாவை திறந்து பாக்குறாங்க. காலியா இருந்தா நிம்மதி, பாதி இருந்தா முகம் வாடிடும். வீட்டுக்கு போனா பாட்டி கேப்பாங்க, அதனால அம்மா மிஸ்ஸை கேக்குறாங்க, மிஸ் அடுத்த நாள் ஆயாம்மாகிட்ட சொல்லிடுறாங்க, ஆயாம்மா மதியம் அந்த குழந்தையோட தாடையை புடிச்சு கடைசி ரெண்டு வாயை உள்ள தள்ளிடுறாங்க. யாருமே கெட்டவங்க இல்ல, எல்லாருக்கும் பாசம்தான், ஆனா அந்த மொத்த பிரஷரும் கடைசியில போய் இறங்குறது ரெண்டரை வயசு குழந்தை மேல.

நான் இந்த வேலையில இருக்குறவ, அதனால இத ரெண்டு பக்கமும் பாத்துட்டுதான் எழுதறேன். நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான்: "இவன் சாப்பிட மாட்டான்"ங்கறது பெரும்பாலும் அந்த குழந்தையோட குணமே இல்ல. அந்த அறையில யார் பக்கத்துல உக்காந்தான், எத்தனை மணிக்கு பால் குடிச்சான், தட்டுல எவ்ளோ போட்டாங்க, போட்டவங்க என்ன சொன்னாங்க, இதெல்லாம் சேர்ந்துதான் அவன் சாப்பிடுறதும் சாப்பிடாததும். வீட்ல ரசம் சாதத்தை தவிர எதையும் தொடாத பிள்ளை பால்வாடியில சாம்பார் சாதத்தை தானா அள்ளி சாப்பிடுதுன்னு எத்தனை அம்மாங்க வாயை பொளந்திருக்காங்க. இதுக்கு நேர் எதிரா நடக்குறதும் உண்டு. அதனால குழந்தையை மாத்தறதுக்கு முன்னாடி சுத்தி இருக்கறதை ஒவ்வொண்ணா மாத்தி பாப்போம்.

ஸ்டெப் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம் மனசுல வைங்க. முதல் வருஷத்துல குழந்தை பிறந்த எடையை விட சுமார் 3 மடங்கு ஆகிடும், 3 கிலோ பிள்ளை 9 கிலோ. ஆனா 2 வயசுக்கு மேல வருஷத்துக்கு ஏறுறது சுமாரா 2 கிலோதான். வளர்ற வேகம் குறையும்போது பசியும் குறையத்தான் செய்யும், கூடவே 2 வயசுலேர்ந்து 6 வயசு வரைக்கும் புது சாப்பாட்டை பாத்தாலே ஒதுங்குற குணம் உச்சத்துல இருக்கும். கரெக்டா அந்த வயசுலதான் நாம டே கேர்ல, பால்வாடியில சேக்குறோம். "சேத்ததுலேர்ந்து சாப்பிட மாட்டேங்குறான்"னு சொல்றதுல பாதி இந்த வயசுனால வர்றதுதான், டே கேர் மேல மட்டும் பழி போடாதீங்க.

ஸ்டெப் 1: ஒரு வாரம் எதையும் மாத்தாம எழுதி வைங்க

ஒரு நோட்டு போதும். டீச்சரோ அம்மாவோ யார் எழுதினாலும் சரி. எத்தனை மணிக்கு என்ன உள்ள போச்சு (பால், ஜூஸ், பிஸ்கட், யாரோ குடுத்த சாக்லேட் எல்லாமே), மதியம் தட்டுல என்ன இருந்துச்சு, பக்கத்துல யாரு, ஊட்டினது யாரு, எத்தனை நிமிஷம் ஆச்சு, அன்னைக்கு மோஷன் போனானா, எப்படி தூங்கினான். எவ்ளோ சாப்பிட்டான்னு மட்டும் எழுதிட்டு விட்டுடாதீங்க, அதுல ஒண்ணும் தெரியாது. சுத்தி நடந்ததை எழுதுங்க. வார கடைசியில படிச்சு பாத்தா பெரும்பாலும் ஒரே மாதிரி ஒண்ணு திரும்ப திரும்ப வரும், தூங்கி வழியுற நாள்ல சாப்பிடல, இல்ல ஒரு குறிப்பிட்ட ஆள் ஊட்டினா மட்டும் சாப்பிடல, இல்ல ரெண்டு நாளா மோஷன் போகாத நாள்ல சாப்பிடல. மலச்சிக்கல்ங்கறது பசி குறையறதுக்கு ரொம்ப சாதாரணமான காரணம், ஆனா யாரும் அதை சாப்பாட்டோட சேர்த்து யோசிக்கறதே இல்ல.

புதுசா சேந்த பிள்ளைன்னா முதல் ரெண்டு மூணு வாரம் கணக்குலயே எடுக்காதீங்க. அம்மாவை தேடி தொண்டை அடைச்சு நிக்கற குழந்தைக்கு சோறு இறங்காது. அந்த நாள்ல வீட்டு ருசி, வீட்டு டப்பா, தெரிஞ்ச ஸ்பூன், இது போதும். புது காய் எதையும் அப்ப ஆரம்பிக்க வேணாம். தாய்ப்பால் குடிக்கற குழந்தையா இருந்தா இன்னொரு விஷயம், சட்டப்படி 50 பேரோ அதுக்கு மேலயோ வேலை பாக்குற இடத்துல கிரெச் வசதி (குழந்தைங்களை பாத்துக்கற இடம்) இருக்கணும், அம்மா ஒரு நாளைக்கு 4 தடவை போய் பிள்ளையை பாக்க அனுமதி உண்டு. நிறைய பேருக்கு தெரியாது, தெரிஞ்சாலும் கேக்க தயங்குறாங்க. கேளுங்க.

ஸ்டெப் 2: சாப்பாட்டுக்கு முந்தின 2 மணி நேரத்தை சரி பண்ணுங்க

இது ஒண்ணை சரி பண்ணாலே பாதி பிரச்சனை போயிடும்னு எனக்கு உறுதியான நம்பிக்கை. காலையில வீட்ல சரியா சாப்பிடலன்னு அம்மா ஒரு பாட்டில்ல பால் குடுத்து அனுப்புவாங்க, 10 மணிக்கு இங்க ஸ்நாக்ஸ்னு பிஸ்கட், 11 மணிக்கு அழுதான்னு மீதி பால். 12 மணிக்கு சாதம் வச்சா எங்கேர்ந்து பசிக்கும்? ஒரு டம்ளர் சக்கரை போட்ட பாலும் நாலு பிஸ்கட்டும் சேர்ந்தா சுமாரா 200லேர்ந்து 250 கலோரி வந்துடும். அங்கன்வாடியில 6 மாசத்துலேர்ந்து 6 வயசு வரைக்கும் உள்ள ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்கு குடுக்கணும்னு ஐசிடிஎஸ்ங்கற அரசு குழந்தை வளர்ச்சி திட்டத்துல முன்னாடி வச்சிருந்த அளவே 500 கலோரி, 12லேர்ந்து 15 கிராம் புரதம்தான். அதுல கிட்டத்தட்ட பாதி பிஸ்கட்டுலயும் பால்லயுமே முடிஞ்சு போச்சு.

அதனால ஒரு டைம் டேபிள் போடுங்க. ரெண்டு சாப்பாட்டுக்கு நடுவுல ரெண்டரையிலேர்ந்து மூணு மணி நேரம், நடுவுல தண்ணி மட்டும். ஸ்நாக்ஸ்னா ஒரு வாழைப்பழத்துல பாதி, இல்ல கொஞ்சம் சுண்டல், இல்ல ஒரு சின்ன சத்துமாவு உருண்டை, இதோட நிறுத்துங்க. ஒரு வயசுக்கு மேல நாள் பூரா சேர்த்தே பால் அரை லிட்டருக்கு மேல போக வேணாம், பால்லயே வயிறு ரொம்பிடும், பால்ல இரும்புச்சத்தும் ரொம்ப கம்மி. நம்ம தமிழ்நாட்டுல 5 வயசுக்கு உட்பட்ட குழந்தைங்கள்ல 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகைன்னு 2019-21ல எடுத்த தேசிய குடும்பநல சர்வே சொல்லுது, அதாவது ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு மேல. அந்த நிலைமையில வயித்தை பாலும் பிஸ்கட்டுமா ரொப்புறது எவ்ளோ தப்புன்னு யோசிங்க. டீ குடுக்குற வழக்கம் இருந்தா அதை அப்படியே நிறுத்திடுங்க, சாப்பாட்டுல இருக்கற இரும்புச்சத்து உடம்புல சேர விடாம பண்றதே டீதான்.

தூக்கமும் இதுலதான் வரும். காலையில 6 மணிக்கு எழுந்து வேன்ல வர்ற பிள்ளை 12 மணிக்கு சொக்கி விழுது, வாயில சோறு இருக்கும்போதே கண்ணு மூடிடும். அந்த மாதிரி பிள்ளைங்களுக்கு மட்டும் அரை மணி நேரம் முன்னாடி சாப்பாடு வைங்க. ஒரு ரூல் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும்னு எந்த கட்டாயமும் இல்ல.

ஸ்டெப் 3: தட்டுல கம்மியா வைங்க

பெரிய தட்டுல குமிச்சு வச்ச சாதத்தை பாத்தாலே சில பிள்ளைங்க மலைச்சு போயிடும், சில பிள்ளைங்க பசி இல்லன்னாலும் இருக்கறதை எல்லாம் தள்ளிடும். ரெண்டுமே நல்லதில்ல. 2003ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வுல ப்ரீஸ்கூல் பிள்ளைங்களுக்கு மெயின் சாப்பாட்டை டபுள் அளவு வச்சப்ப அதுல 25 சதவீதம் அதிகமா சாப்பிட்டாங்க, அதே பிள்ளைங்களை தானா எடுத்து போட்டுக்க விட்டப்ப மறுபடி குறைஞ்சிடுச்சு. தன் வயிறு என்ன சொல்லுதுன்னு சின்ன பிள்ளைக்கு நல்லாவே தெரியும், நாமதான் அதை கேக்க விடாம பண்றோம்.

வயசுக்கு ஒரு டேபிள் ஸ்பூன்னு ஆரம்பிங்க, 3 வயசுன்னா சாதம் மூணு ஸ்பூன், பொரியல் மூணு ஸ்பூன். அது முடிஞ்சா "இன்னும் வேணுமா?"ன்னு கேட்டு போடுங்க. மறுபடி கேட்டு வாங்கி சாப்பிடுற பிள்ளைக்கு அதுல ஒரு பெருமை இருக்கு, அத நீங்க முகத்துலயே பாக்கலாம். முடிஞ்ச இடத்துல ஒரு சின்ன கிண்ணத்துல பொரியல் வச்சு ஸ்பூனை பிள்ளை கையிலயே குடுங்க, கொஞ்சம் சிந்தும், சிந்தட்டும். வீட்லேர்ந்து டப்பா கட்டுற அம்மாங்களுக்கும் இதேதான், நீங்க சாப்பிடுற அளவுல பாதியை கட்டிட்டு "மீதி வச்சுட்டான்"னு வருத்தப்படாதீங்க.

ஸ்டெப் 4: பக்கத்துல யாருன்னு பாத்து உக்கார வைங்க

எனக்கு இந்த வேலையில ரொம்ப பிடிச்ச பகுதி இதுதான். லீன் பர்ச்ங்கற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1980ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. ஒரு குறிப்பிட்ட காய் பிடிக்காத பிள்ளையை, அதே காய் ரொம்ப பிடிச்ச மூணு நாலு பிள்ளைங்களோட மதிய சாப்பாட்டுக்கு உக்கார வச்சாங்க. முதல் நாள் தனக்கு பிடிச்சதையே எடுத்த பிள்ளை, 4வது நாள் மத்தவங்க எடுக்கறதை எடுக்க ஆரம்பிச்சுது. யாரும் சொல்லல, கெஞ்சல, ஊட்டல. சின்ன வயசு பிள்ளைங்ககிட்ட இது இன்னும் நல்லாவே வேலை செஞ்சுது.

பால்வாடியில இது தினமும் கண்ணு முன்னாடி நடக்கும். நம்ம தமிழ்நாட்டு அங்கன்வாடியில ரெண்டு வயசுக்கு மேல உள்ள பிள்ளைங்களுக்கு வாரத்துல 3 நாள் முட்டை உண்டு. முட்டை நாள்ல பாருங்க, வெள்ளைக்கருவை மட்டும் உரிச்சு தின்னுட்டு மஞ்சக்கருவை அப்படியே தட்டு ஓரத்துல உருட்டி விடுற பிள்ளை இல்லாத சென்டரே கிடையாது. அப்படி ஒரு பையனை, மஞ்சக்கருவை விரலால நசுக்கி சாம்பார் சாதத்துல குழைச்சு சாப்பிடுற ஒரு அக்கா பக்கத்துல உக்கார வச்சோம். முதல்ல அவ தட்டையே பாத்துட்டு இருந்தான். அப்புறம் அவ நசுக்கறதை பாத்து இவனும் நசுக்கினான், சாப்பிடல, விளையாட்டு மாதிரி நசுக்கிட்டு கையை சட்டையில தொடச்சான். ஆயாம்மா ஏதோ சொல்ல வந்தாங்க, டீச்சர் கண்ணாலயே வேணாம்னுட்டாங்க. அடுத்தடுத்த முட்டை நாள்ல விரலை நக்கினான், அப்புறம் சாதத்தோட ஒரு வாய், அப்புறம் அது ஒரு விஷயமாவே இல்லாம போச்சு. இதுல பெரியவங்க பண்ண ஒரே வேலை பாயில இடம் மாத்தினதும் வாயை மூடிட்டு இருந்ததும்தான்.

இது எதிர்பக்கமும் வேலை செய்யும்ங்கறதை மறக்காதீங்க. "ச்சீ, கீரை"ன்னு ஒரு பிள்ளை சத்தமா சொன்னா அந்த வரிசை முழுக்க கீரை நின்னு போகும். அந்த பிள்ளையை திட்டாதீங்க, தண்டனையா தனியாவும் உக்கார வைக்காதீங்க, கீரையை நல்லா சாப்பிடுற ரெண்டு பேருக்கு நடுவுல வைங்க. வேற வேற வயசு பிள்ளைங்க கலந்து உக்காருறது ரொம்ப நல்லது, அந்த விஷயத்துல 2 வயசும் 5 வயசும் ஒரே பாயில இருக்கற பால்வாடி, வயசு வாரியா பிரிச்சு வைக்கற பெரிய ப்ளே ஸ்கூலை விட ஒரு படி மேல.

ஸ்டெப் 5: பெரியவங்க யாராவது ஒருத்தர் கூட உக்காந்து அதே சாப்பாட்டை சாப்பிடணும்

சொல்றது ஈசி, செய்யறது கஷ்டம்னு தெரியும். ஒரு டீச்சர், ஒரு உதவியாளர், சமையலும் பாத்து, ரெஜிஸ்டரும் எழுதி, 20 பிள்ளைங்களுக்கு பரிமாறவும் செய்யணும்னா உக்காரறது எப்படி. ஆனாலும் 10 நிமிஷம், ஒரு சின்ன தட்டுல ரெண்டு கரண்டி போட்டுக்கிட்டு பாயில உக்காருங்க. நின்னுக்கிட்டே "சாப்பிடு சாப்பிடு"ன்னு சொல்ற நூறு வார்த்தையை விட அது வேலை செய்யும். வெறுமனே அமைதியா சாப்பிட்டா போதாது, ரசிச்சு சாப்பிடணும், "இன்னைக்கு பீட்ரூட் இனிப்பா இருக்கே"ன்னு வாய்விட்டு சொல்லணும். 2000ல வந்த ஒரு ப்ரீஸ்கூல் ஆய்வுல, டீச்சர் சும்மா சாப்பிட்டப்ப பிள்ளைங்ககிட்ட ஒண்ணும் மாறல, உற்சாகமா பேசிக்கிட்டே சாப்பிட்டப்பதான் பிள்ளைங்க புது சாப்பாட்டை எடுத்தாங்க. ஆனா பக்கத்துல இருக்கற பிள்ளை வேற ஒண்ணை புகழ்ந்தா டீச்சர் சொன்னது எடுபடல. அதனாலதான் ஸ்டெப் 4ஐ முன்னாடி வச்சேன்.

இன்னொரு பக்கமும் இருக்கு, இதை கொஞ்சம் அழுத்தியே சொல்லணும். ஒரு குழந்தை டப்பாவை திறந்ததும் டீச்சர் மூக்கை சுளிக்கறது, "ஐயோ கருவாடா"ன்னு கேக்கறது, "உங்க வீட்ல இதெல்லாம்தான் சாப்பிடுவீங்களா"ன்னு ஒரு வார்த்தை, இதை அந்த பிள்ளை மறக்காது. அடுத்த நாள்லேர்ந்து டப்பாவை திறக்கவே மாட்டான், வீட்ல போய் "எனக்கு பிரெட் ஜாம் வை"ன்னு அடம் பிடிப்பான், காரணம் கேட்டா சொல்ல தெரியாது. நெத்திலி கருவாட்டுல இருக்கற கால்சியமும் புரதமும் பிரெட் ஜாம்ல எங்க இருக்கு? அதே மாதிரி முட்டை சாப்பிடாத வீட்டு பிள்ளையை "ஒரு வாய் தின்னு பாரு, அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்"னு சொல்றதும் பெரிய தப்பு. ஒவ்வொரு வீட்டு சாப்பாடும் மரியாதையான சாப்பாடுதான், அதை சொல்லி குடுக்கற முதல் இடமே இதுதான்.

ஸ்டெப் 6: வாயில வர்ற வார்த்தையை மாத்துங்க

மூணு வகை பேச்சு இருக்கு, மூணும் வேலைக்கு ஆகாது. முதல்ல கட்டாயம். "முடிச்சிடு, முடிச்சாதான் எந்திரிக்கணும்." 2006ல ப்ரீஸ்கூல் பிள்ளைங்களை வச்சு பண்ண ஒரு ஆய்வுல, சூப்பை குடிச்சு முடின்னு திரும்ப திரும்ப சொல்லப்பட்ட பிள்ளைங்க கம்மியாதான் குடிச்சாங்க, அந்த சூப்பை பத்தி மோசமாவும் பேசினாங்க. சும்மா விட்டப்ப அதிகமா குடிச்சாங்க.

ரெண்டாவது மிரட்டல். பூச்சாண்டி, போலீஸ், ஊசி போடுற டாக்டர், "அம்மா வர மாட்டாங்க." கடைசி ஒண்ணை தயவு செஞ்சு யாரும் எந்த காலத்துலயும் சொல்லாதீங்க. டே கேர்ல இருக்கற பிள்ளையோட மொத்த பயமே அதுதான், அதை சோத்தோட சேர்த்து பிசைஞ்சு குடுக்காதீங்க. மூக்கை புடிச்சு வாயை திறக்க வைக்கறது, கையை கட்டி ஊட்டறது இதெல்லாம் கொடுமை, அதுல வேற பேச்சே இல்ல, அதோட அழுதுட்டு இருக்கற வாயில போற சோறு மூச்சுக்குழாய்ல இறங்கற ஆபத்தும் இருக்கு.

மூணாவது லஞ்சம், "கீரை சாப்பிட்டா சாக்லேட்." இதுல பிள்ளை கத்துக்கறது என்னன்னா, கீரை ஒரு வேலை, சாக்லேட் கூலி. லஞ்சத்துக்கு சாப்பிட்டதை பிள்ளைங்களுக்கு அப்புறம் இன்னும் பிடிக்காம போகுதுன்னு பர்ச் குழு 1984லயே காட்டிட்டாங்க. ஒரு சின்ன விதிவிலக்கு இருக்கு, லண்டன்ல 2011ல வந்த ஆய்வுல 4லேர்ந்து 6 வயசு பிள்ளைங்களுக்கு பிடிக்காத காயை தினமும் ஒரு சின்ன துண்டு ருசி பாத்ததுக்கு ஸ்டிக்கர் குடுத்தாங்க, அது நல்லாவே பலன் குடுத்துச்சு. சாப்பிட்டு முடிச்சதுக்கு இல்ல, ருசி பாத்ததுக்கு, அதுவும் தின்பண்டம் இல்லாம ஒரு ஸ்டிக்கர். அந்த அளவுல ஓகே.

அப்ப என்னதான் சொல்றது? "வயிறு ரொம்பிடுச்சா, இன்னும் கொஞ்சம் இடம் இருக்கா?" "கேரட் கடிச்சா சத்தம் வருதா, எனக்கு வருது பாரு." "வேணாம்னா ஓரமா வச்சுக்கோ." இவ்ளோதான். கடைசி வார்த்தையை நம்ம ஊர்ல சொல்றது ரொம்ப அபூர்வம், ஆனா ஓரமா வைக்கலாம்னு தெரிஞ்ச பிள்ளைதான் பயமில்லாம வாயில வச்சு பாக்கும். என்ன சாப்பாடு, எப்ப, எங்கங்கறது பெரியவங்க முடிவு, சாப்பிடறதா வேணாமா, எவ்ளோங்கறது குழந்தை முடிவுன்னு எல்லன் சாட்டர்ங்கற அமெரிக்க உணவியல் நிபுணர் ரொம்ப வருஷமா சொல்லிட்டு வர்றாங்க, நான் பாத்தவரைக்கும் இதை விட தெளிவான ஒரு கோடு வேற யாரும் போடல.

ஸ்டெப் 7: புது காயை திரும்ப திரும்ப, கொஞ்சமே கொஞ்சம்

ஒரு தடவை துப்பினதும் "அவனுக்கு பிடிக்காது"ன்னு முத்திரை குத்திடறோம். ஒரு குழந்தைக்கு ஒரு ருசி பழக 10, 15 தடவை கூட ஆகலாம். அதனால பிடிச்சது ரெண்டு, புதுசு ஒண்ணு, இந்த கணக்குல தட்டு இருக்கட்டும். புதுசு ஒரு டீ ஸ்பூன் போதும். தொட்டாலே ஒரு படி, மோந்து பாத்தாலும் ஒரு படி, நக்கிட்டு துப்பினாலும் ஒரு படிதான். துப்பறதுக்கு பக்கத்துல ஒரு கிண்ணம் வைங்க, துப்பலாம்னு தெரிஞ்சா வாயில வைக்க பயப்படாது.

பிசைஞ்சு மறைச்சு குடுக்கறதை பத்தி நிறைய பேர் கேக்குறாங்க. பருப்புல கீரையை மசிச்சு குடுக்கறது தப்பில்ல, நம்ம கீரை மசியலே அப்படித்தான். ஆனா அது கூடவே கீரைன்னு சொல்லி குடுங்க. கண்ணுல காட்டாமலே குடுத்துட்டு இருந்தா பெரியவனானதும் கீரைங்கற உருவமே அவனுக்கு அந்நியமா இருக்கும். சாப்பாட்டுக்கு முன்னாடி கொத்தமல்லி ஆய விடுங்க, பச்சை பட்டாணி உரிக்க விடுங்க (வாயில போடாம பாத்துக்கணும்), பால்வாடி பின்னாடி ஒரு அடி இடம் இருந்தா வெந்தயம் தூவுங்க, கொஞ்ச நாள்லயே முளைச்சு கீரையா நிக்கும். தான் தண்ணி ஊத்தின கீரையை பிள்ளை பாக்கற பார்வையே வேற.

ஸ்டெப் 8: இடம், சத்தம், வெக்கை

டிவி, போன் ரெண்டும் சாப்பாட்டு நேரத்துல ஆஃப். போன் பாத்துட்டு சாப்பிடற பிள்ளை வாயில என்ன போகுதுன்னு கவனிக்கறதே இல்ல, வயிறு ரொம்பினதும் தெரியாது. கால் தொங்காம தரையில சம்மணம் போட்டோ, கால் ஊன்ற மாதிரி சின்ன நாற்காலியிலயோ உக்காரணும். சித்திரை வைகாசி வெயில்ல ஓட்டு கட்டடத்துல உள்ள சென்டர்னா மதியம் பசியே எடுக்காது, அந்த மாசங்கள்ல காத்தோட்டமா ஒரு இடம் பாருங்க, மோர் சாதம் மாதிரி வைங்க, கனமானதை காலையில குடுங்க. சாப்பாட்டுக்கு 20லேர்ந்து 30 நிமிஷம் போதும். அதுக்கு மேல இழுத்தா தட்டை எடுத்துடுங்க, கோவமில்லாம.

ஸ்டெப் 9: கையால அள்ளி சாப்பிட விடுங்க, ஆனா தொண்டையில அடைக்கற சாமான்ல கவனம்

9, 10 மாசத்துலேர்ந்தே இட்லி துண்டு, வெந்த கேரட், வாழைப்பழ துண்டு கையில குடுக்கலாம். நாலு வயசு வரைக்கும் ஊட்டிட்டே இருந்தா நேரம் மிச்சம், டிரெஸ் சுத்தம், ஆனா பிள்ளைக்கு தன் வேகம் தெரியாமலே போயிடும். வாயில அதக்கி வச்சுக்கிட்டு மணிக்கணக்கா முழுங்காம இருக்கற பிள்ளைங்களை கவனிச்சு பாருங்க, பெரும்பாலும் முந்தின வாய் இறங்கறதுக்குள்ள அடுத்த வாய் நீட்டப்பட்ட பிள்ளையா இருக்கும். ஸ்பூனை கீழ வைங்க, அவன் பாக்கட்டும், அவன் கேக்கட்டும்.

முழு வேர்க்கடலை, முழு திராட்சை, பாப்கார்ன், பச்சை கேரட் துண்டு, தேங்கா பத்தை, கெட்டி மிட்டாய், இதெல்லாம் 5 வயசு வரைக்கும் வேணாம். திராட்சையை நீளவாக்குல நாலா வெட்டுங்க, கொண்டைக்கடலையை நசுக்கிட்டு குடுங்க, கடலையை பொடிச்சு சத்துமாவுல சேருங்க. ஒரு வயசுக்குள்ள தேன் கூடவே கூடாது. ஓடிக்கிட்டே, படுத்துக்கிட்டே, அழுதுக்கிட்டே எதுவும் வாய்க்குள்ள போக கூடாது. ஒவ்வொரு சென்டர்லயும் தொண்டை அடைச்சா என்ன பண்ணணும்னு பழகின ஆள் ஒருத்தராவது சாப்பாட்டு நேரத்துல அங்கயே இருக்கணும், சமையல்கட்டுலயோ வாசல்லயோ இல்ல. எந்த பிள்ளைக்கு எது அலர்ஜின்னு பெருசா எழுதி பரிமாறுற இடத்துல ஒட்டி வைங்க, லீவுக்கு பதிலா வர்ற ஆளுக்கும் அது தெரியணும்.

ஸ்டெப் 10: வாசல்ல கேக்கற கேள்வியை மாத்துங்க

அம்மா அப்பாக்களுக்கு இது. "காலி பண்ணானா?"ன்னு நீங்க கேக்கற வரைக்கும் டே கேர் காலி டப்பாவைத்தான் உங்களுக்கு குடுக்கும், அது வயித்துக்கு போச்சா குப்பைக்கு போச்சான்னு உங்களுக்கு தெரியாது. "இன்னைக்கு எதை விரும்பி சாப்பிட்டான்? யாரோட உக்காந்தான்? புதுசா எதையாவது தொட்டானா?"ன்னு கேளுங்க. மீதி டப்பா வந்தா பரவால்லைன்னு வெளிப்படையா ஒரு தடவை சொல்லிடுங்க, ஆயாம்மாவுக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க. அவங்க தோள்லேர்ந்து ஒரு பாரம் இறங்கும், அதோட அடுத்த நாளே ஊட்டற கை கொஞ்சம் தளரும்.

டீச்சருங்க பக்கம், நோட்டுல "சாப்பிடல"ன்னு மட்டும் எழுதாதீங்க. "சாதம் ரெண்டு ஸ்பூன், முட்டை பாதி, 10 மணிக்கு வாழைப்பழம் முழுசா, மதியம் தூக்கம் வந்துடுச்சு"ன்னு எழுதினா வீட்ல ராத்திரிக்கு என்ன குடுக்கறதுன்னு ஒரு ஐடியா கிடைக்கும். ஒரு வேளை கணக்கை பாக்காம ஒரு வாரத்து கணக்கை பாருங்க, பிள்ளைங்க ஒரு வேளை விட்டதை இன்னொரு வேளையில சரி பண்ணிக்கும். வீட்டுக்கு போனதும் "பாவம் அங்க ஒண்ணும் சாப்பிடல"ன்னு 5 மணிக்கு சிப்ஸும் கேக்கும் குடுத்தா, அடுத்த நாள் இங்க சாப்பிடாம இருக்க அதுவே காரணம் ஆகிடும். வீட்டு நேரமும் இங்க நேரமும் ஓரளவு ஒத்து போகட்டும், பாட்டிகிட்டயும் இதை பக்குவமா சொல்லுங்க, அவங்களை எதிரியா ஆக்கினா ஒண்ணும் நடக்காது.

ஸ்டெப் 11: எது சாதாரணம் இல்லன்னு தெரிஞ்சு வைங்க

மேல சொன்னதை எல்லாம் ஒரே நாள்ல ஆரம்பிக்க வேணாம், முதல்ல ஸ்டெப் 2, அப்புறம் 4, அப்புறம் 6, வாரத்துக்கு ஒண்ணா. ஒரு மாசம் ஒன்றரை மாசத்துல வித்தியாசம் தெரிய ஆரம்பிக்கும். ஆனா சிலதுக்கு காத்திருக்க கூடாது. அங்கன்வாடியில மாசா மாசம் எடை பாத்து வளர்ச்சி அட்டையில குறிப்பாங்க, தனியார் டே கேர்ல விட்டிருந்தாலும் நீங்க போய் எடை பாத்துக்கலாம். கோடு ரெண்டு மூணு மாசமா ஏறாம படுத்துடுச்சுன்னா, இல்ல கீழ இறங்குதுன்னா டாக்டர்கிட்ட போகணும். மண்ணு தின்னறது, சுவத்து சுண்ணாம்பை சுரண்டி நக்கறது, சாக்பீஸ் கடிக்கறது இதெல்லாம் குறும்பு இல்ல, பெரும்பாலும் இரும்புச்சத்து குறைவு, ரத்தம் டெஸ்ட் பண்ணணும். பூச்சி தொந்தரவு இருக்கலாம், வருஷத்துக்கு ரெண்டு தடவை அங்கன்வாடியில குடுக்கற குடற்புழு மாத்திரையை "சூடு"ன்னு சொல்லி தவிர்க்காதீங்க. ஒவ்வொரு தடவையும் சாப்பிடும்போது இருமறான், புரை ஏறுதுன்னா, ரெண்டு வயசு தாண்டியும் கட்டியா எதையும் முழுங்க முடியாம மிக்ஸியில அடிச்சதை மட்டும்தான் சாப்பிடறான்னா, முன்னாடி சாப்பிட்டுட்டு இருந்ததை ஒவ்வொண்ணா விட்டுட்டு நாலஞ்சு சாமான்ல வந்து நிக்கறான்னா, அது இருக்கற இடத்தை மாத்தறதால மட்டும் சரியாகாது. பல்லு சொத்தையா இருக்கா, வாயில புண் இருக்கா, இதையும் பாருங்க.

டாக்டர்கிட்ட போகும்போது அந்த ஸ்டெப் 1 நோட்டையும் வளர்ச்சி அட்டையையும் எடுத்துட்டு போங்க, டீச்சர்கிட்ட சொல்லி மதிய சாப்பாட்டு நேரத்துல உங்க பிள்ளை சாப்பிடறதை மட்டும் ஒரு ரெண்டு நிமிஷ வீடியோ எடுத்து தர சொல்லுங்க. கிளினிக்ல அழுதுட்டு இருக்கற பிள்ளையை பாத்து சொல்றதை விட, பாயில உக்காந்து சாப்பிடற பிள்ளையை பாத்து அவங்களால எவ்வளவோ சொல்ல முடியும்.